பாலைமரத் தூள்

செயின்சோவின் கிளச் மூடியைக் கழற்றியபோது உள்ளே மரத்தூள் அடைந்திருந்தது. ஈரமாக.

கலிஸ்ரா திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல்நாள் பின்னேரம்தான் இதே மூடியைக் கழற்றிப் பெற்றோலில் ஊறவைத்து, பழைய பல் பிறஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் உரஞ்சி, துணியால் துடைத்து, கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே விழுந்த வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒரு பொட்டு அழுக்கும் இல்லை என்று திருப்திப்பட்ட பிறகு பூட்டியிருந்தாள். கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டதும் அவள்தான். திறப்பு அவளுடைய தலையணைக்குக் கீழே கிடந்தது.

விரல் நுனியால் கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். சிவந்த தூள். நசித்தபோது பால் போல ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள். பாலைமரம். அறுத்து அரை மணித்தியாலம்கூட ஆகாத பச்சைப் பாலை.

இந்த வாள் மரத்தைத் தொட்டு வருடக்கணக்காகியிருக்க வேண்டும். பிஸ்டன் சிலிண்டருக்குள் துருவேறி இறுகிக் கிடந்தது. டீசல் ஊற்றி இரண்டு நாளாக ஊறவைத்தும் அசையவில்லை. செயின்கூட இல்லை. மேசையில் கிடந்தது வெறும் உடம்புதான்.

எலி ஏதாவது கொண்டுவந்து அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எலி திருகாணியைக் கழற்றாது என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். தூளைத் தட்டித் துடைத்து, மறுபடி பெற்றோல் விட்டுக் கழுவி, மூடியைப் பூட்டினாள்.

முல்லைத்தீவில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அவளுடைய வீடு. பின்னால் தகரக் கொட்டில். அப்பா அல்பேர்ட் அதற்குள் வைத்துத்தான் வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தினார். அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து காபரேற்றர் கழுவப் பழகிய கலிஸ்ராவுக்கு, எஞ்சின்களைவிடப் பழைய செயின்சோக்களில் ஆசை வந்தது. ஒரு காலத்தில் மர டிப்போக்களுக்கென்று ஜேர்மனியிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்து, பிறகு பற்றைகளுக்குள்ளும் பாழ்வீடுகளுக்குள்ளும் துருப்பிடித்துக் கிடந்தவை. அவற்றைத் தேடியெடுத்து, இல்லாத பாகத்துக்கு அலைந்து, திருத்தற் புத்தகம் கிடைத்தால் அதைப் பார்த்து, கிடைக்காவிட்டால் கையால் தடவித் தடவி அறிந்து, திரும்ப உறுமவைப்பாள். மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவரும், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் சிலரும் ஆசையாக வாங்கிப் போவார்கள்.

அலைகிற வேலை அவள் புருஷன் ஸ்ரனிஸ்லசுடையது. மோட்டார் சைக்கிளில் பரந்தன், வவுனியா, அதற்கும் அங்காலே என்று போய்ப் பழைய வாள்களும் பாகங்களும் கொண்டுவருவான். இந்த வாளை மட்டும் அவன் கொண்டுவரவில்லை. சிலிண்டர் ஒன்று தேடி அவன் அனுராதபுரம் போயிருந்த நேரம், பரந்தன் பழைய இரும்புக்காரர் வீரகத்தி ஒரு லொறியில் ஏற்றி அனுப்பிய மூடையில் இது வந்தது. தர்மபுரத்தில் பாழ்கிணறு ஒன்றை இறைத்தபோது சேற்றுக்குள் கிடந்ததாம். செம்மஞ்சள் உடம்பு. ஸ்ராட்டர் மூடி மட்டும் சிவப்பு. வேறு மொடலுடையது. ஒரு திருகாணித் துளை பொருந்தாமல், செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.

யாரோ இதைக் கவனமாகத் திருத்தியிருக்கிறார்கள். அந்த முறுக்கைப் பார்த்தபோதே அவளுக்கு அது தெரிந்தது. பிறகு ஏன் கிணற்றில் போட்டார்கள்?

அடுத்தநாள் காலை மழை பிடித்திருந்தது. கொட்டிலைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் வந்து மோதியது. மண்ணெண்ணெய், கிறீஸ், துரு என்று அவளுக்குப் பழகிய வாசங்களை எல்லாம் அமுக்கிக்கொண்டு, காட்டுக்குள் மரம் விழுந்த இடத்தில் வருமே, இலைச்சாறும் பாலும் கிழிந்த பட்டையும் கலந்த பச்சை வாசம், அது கொட்டில் முழுக்க நிறைந்து நின்றது. மேசையில் வாள் அவள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. தகரத்தில் மழை சடசடத்தது. அதற்குள் இன்னொரு சத்தமும் கேட்பது போலிருந்தது. மெல்லிய சத்தம். சூடான எஞ்சின் ஆறும்போது இரும்பு சுருங்கி டிக், டிக் என்று கேட்குமே, அது.

கையை வைத்துப் பார்த்தாள். சிலிண்டர் இளஞ்சூடாக இருந்தது.

மூடியைக் கழற்றத் தொடங்கினாள். திருப்புளி இரண்டு முறை வழுக்கியது. உள்ளே முந்தியநாளைவிட அதிகம். பிதுங்கி மேசையில் கொட்டியது. சிவந்த ஈரத்தூள். அதற்குள் ஏதோ சுற்றிக் கிடந்தது. இழுத்தாள். நூல். நீல நூல். இழுக்க இழுக்க வந்தது. துணியோடு கிழிந்து அரைபட்டு வந்த நூல். கடைசியில் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு மயிர்.

கலிஸ்ரா கையை உதறிவிட்டு மழைக்குள் இறங்கி முற்றத்தில் நின்றாள். நனைவது தெரியவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தாள். குடிக்கவில்லை. ஒரு மெசினுக்குப் பயப்படுவது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அது எது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று பட்டது. வவுனியாவில் பழைய பாகங்கள் விற்கிற மஸாஹிருக்கு ஃபோன் எடுத்தாள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். ஒரு திருகாணியைக் காட்டினால் எந்த மெசினுடையது என்று சொல்லுகிற ஆள்.

"நானா, ஒரு பழைய செம்மஞ்சள் மெசின் வந்து கிடக்கு. மனுவல் புத்தகம் தேவை. பொயின்ற் செற்றும் வேணும்." மொடல் இலக்கத்தைச் சொன்னாள். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பொயின்ற் துருவேறிக் கிடந்தது.

மறுபுறம் மஸாஹிர் சிரித்தார். "என்ன தங்கச்சி, அந்த மெசின் திரும்பவும் நிண்டு போச்சா? மனுவல அப்பவே குடுத்திட்டனே."

"ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"ஒங்கட தம்பிக்கிட்டத்தான். டினோஜன் தம்பி. மூணு வருசம் இருக்கும். அந்த மொடல் இந்தப் பக்கத்துக்கு ஒண்டே ஒண்டுதான் வந்த. ஸ்ராட்டர் மூடி ஒடைஞ்சு கெடந்த. நான் வேற மெசின்ட சிவப்பு மூடி ஒண்டக் கழட்டிக் குடுத்தன். ஒரு ஓட்டை பொருந்தல்ல. கம்பி வெச்சுக் கட்டித் தாறன் எண்டன், இல்ல நானா நானே கட்டுறன் எண்டு அவர்தான் கட்டினார்." கொஞ்சம் நிறுத்தினார். "அக்காட பிறந்தநாளுக்குக் குடுக்கப் போறன், வாய் திறக்கப்படாது எண்டு சத்தியம் வாங்கிட்டுப் போன புள்ள. ஏன், தரல்லையா?"

கலிஸ்ரா கதிரையில் இருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

"தம்பி வெளிநாடு போயிட்டான் நானா."

"அதுதான் ஒங்கட அவரும் சொன்னார். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார் எண்டு. மெசின ஓட வெச்சிட்டன் நானா, நாளைக்கு அத்தானோட காட்டுக்குக் கொண்டு போய் ஒரு மரம் வெட்டிப் பாக்கப் போறம் எண்டு எனக்குக் கோல் எடுத்தவர். அதுக்குப் பொறகு சத்தமே இல்ல."

ஃபோனை வைத்தபோது மழை விட்டிருந்தது. வெளியில் வெயில்கூட எறித்தது. ஒன்றும் மாறவில்லை. கொடியில் துணி, கிணற்றடியில் வாளி. அவளுக்குத்தான் வீடு அந்நியமாகத் தெரிந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வைகாசி மாதம் அது. ஸ்ரனிஸ்லஸ் தன் ஃபோனை நீட்டினான். டினோஜன் அனுப்பியதாம். 'அக்கா, நான் போட்டில் வெளிநாடு போறன். தேட வேண்டாம். அத்தானுக்குத் தெரியும்.' ஊரில் எத்தனையோ பேர் அப்படிப் போனவர்கள்தான். அவள் அழுதாள், கோபப்பட்டாள், பிறகு நம்பினாள். அதன் பிறகு நத்தாருக்கும் ஈஸ்ரருக்கும் ஒவ்வொரு மெசேஜ் வந்தது. எப்போதும் ஸ்ரனிஸ்லசின் ஃபோனுக்கு. 'அக்கா, இங்க குளிர். அசைய ஏலாமக் கிடக்கு. அத்தான் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.' விசா இல்லாததால் நாட்டைவிட்டு வெளியேற முடியவில்லை, என்னையும் கூப்பிடப் பார்க்கிறான் என்று ஸ்ரனிஸ்லஸ் விளக்கம் சொன்னான். அப்பா சாகிற அன்றைக்கும் தலைமாட்டில் இருந்து அந்த மெசேஜைத்தான் வாசித்துக் காட்டினான். மகன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியில் அல்பேர்ட் கண் மூடினார். பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தூக்கியவனும் ஸ்ரனிஸ்லஸ்தான்.

மழை திரும்பவும் ஒருமுறை பெய்து ஓய்ந்த பின்னேரம் நாலு மணியளவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கலிஸ்ரா கொட்டிலுக்குள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

அவன் நனைந்த தொப்பியை உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தான். "சிலிண்டர் சரிவரேல்லை, கலிஸ்ரா. அவன் கேக்கிற விலை..." கண் மேசைக்குப் போனது. வாய் நின்றது.

அவன் உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதை ஆர் எடுத்தது?" என்றான்.

இது என்ன என்று கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. ஆர் எடுத்தது.

"கிணத்துக்குள்ளயிருந்தோ?" என்றாள் கலிஸ்ரா.

அவனுடைய முகம் சுருங்கிக் கிழவன் முகம் போல ஆனது. அப்படியே வாசற்படியில் குந்தினான். அவனே சொன்னான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது போல.

ஒட்டுசுட்டானுக்கு அங்காலே, குளத்துக்குப் பின்னாலே உள்ள காடு. வெட்டத் தடையான இடம். வாளுக்குப் பதிவும் இல்லை. ஒரு பாலை மட்டும் வெட்டிப் பார்ப்போம், விற்றால் அக்காவுக்கு ஒரு சாறியும் வாங்கலாம் என்று அவன்தான் டினோஜனைக் கூட்டிப்போனான். மரம் திரும்பி விழுந்தது. டினோஜனின் இடுப்புக்குக் கீழே மரத்துக்கு அடியில்.

"இரத்தம் வரேல்லை. நல்லாக் கதைச்சவன். நோகேல்லை, விறைச்சுக் கிடக்கு அத்தான் எண்டவன். நான் மரத்தை அறுக்கப் பாத்தனான். மெசின் நிண்டு போச்சு. இழுத்து இழுத்துப் பாத்தன். பத்தேல்லை."

"பிறகு?"

"கொண்டுபோய்த் திருத்திக்கொண்டு வாறன் எண்டு சொன்னனான். அவன்தான் சொன்னவன், மனுவல் பைக்குள்ள கிடக்கு, பொயின்ற்றைப் பாருங்கோ அத்தான் எண்டு." ஸ்ரனிஸ்லஸ் மூக்கைத் துடைத்தான். "றோட்டுக்கு ஏறேக்கை ஜீப் வெளிச்சம் ஒண்டு வந்தது. பயந்து போனன். பதிவில்லாத மெசின், காட்டுக்கை ஆள்... பொலிஸ் பிடிச்சு மறியலிலைதான் போடும் எண்டு நேர வீட்டை வந்திட்டன். விடியப் போவம் எண்டுதான் இருந்தனான். விடிய மழை. அதுக்கடுத்த நாள்..."

"நீ போகேல்லை."

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அவனை 'நீ' என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"போகேல்லை. மெசினைத் தர்மபுரத்திலை ஒரு பாழ்கிணத்துக்கை போட்டிட்டன்."

அந்த விடியற்காலை அவள் இந்த வீட்டில் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பாள். தம்பி காட்டுக்குள் சத்தம் போட்டுக்கொண்டு கிடந்திருப்பான். மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம். ஒரே ஒரு மணித்தியாலம்.

"செத்தவன்ர பேரிலை மெசேஜ் எழுத உனக்குக் கை வந்ததோ? அப்பாக்கு வாசிச்சுக் காட்ட வாய் வந்ததோ?"

ஸ்ரனிஸ்லஸ் தன் ஃபோனை எடுத்து வாசற்படியில் வைத்துத் தள்ளினான்.

"முதலாவது மட்டும்தான் நான் எழுதினது," என்றான். "மற்றது ஒண்டும் நான் எழுதேல்லை, கலிஸ்ரா. மாதா அறிய. அதுகள் தன்ர பாட்டிலை வந்தது. சிம்மை மாத்தினனான். புது ஃபோன் வாங்கினனான். பேந்தும் வந்தது."

தகரத்திலிருந்து கடைசி மழைத்துளிகள் சொட்டின. மேசையில் வாள் டிக் என்றது. இருவரும் திரும்பவில்லை.

மனுவல் புத்தகத்தை அவன் அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான். எரிக்கவும் துணியவில்லையாம். எண்ணெய்க் கறை படிந்த மெல்லிய புத்தகம். முன் அட்டையில் 'அக்காவுக்கு' என்று பென்சிலால் எழுதியிருந்தது. உள்ளே பொயின்ற் இடைவெளிக்குக் கீழே கோடு போட்டு, 'இதுதான் பிரச்சினை' என்று டினோஜனின் கோணல் எழுத்து.

கலிஸ்ரா அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் கல் ஒன்று இருந்தது. தம்பியின் எலும்புகளையாவது எடுத்து வந்து சேமக்காலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு பங்குச் சுவாமியிடமும் பொலிசிடமும் போகலாம். எலும்பை எடுக்க மரத்தை அறுக்க வேண்டும். கொட்டிலில் ஓடக்கூடிய வாள்கள் வேறு எட்டு இருந்தன. கை அந்த ஒன்றுக்குத்தான் போனது.

பிஸ்டனைத் தட்டினாள். இரண்டு நாளாக அசையாதது, வெண்ணெயில் போல வழுக்கிக் கீழே வந்தது. பொயின்ற்றை வேறொரு மெசினிலிருந்து கழற்றி, புத்தகத்தில் சொன்ன இடைவெளிக்கு வைத்தாள். நீண்ட இரும்புப் பாரும் அதன்மேல் செயினும் மாட்டினாள். மூன்றாவது இழுவையில் பற்றிக்கொண்டது. ஒரு திணறலும் இல்லாத சத்தம். நேற்றும் ஓடிய மெசினின் சத்தம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவர்கள் குளக்கட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள். வாள் உரப்பைக்குள் அவள் தோளில் இருந்தது. ஸ்ரனிஸ்லஸ் முன்னால் நடந்தான். யானைவேலியின் அறுந்த கம்பியைத் தாண்டி, கண்ணிவெடி அகற்றியவர்கள் விட்டுப்போன சிவப்புப் பலகை சாய்ந்து கிடந்த இடத்தையும் தாண்டி, ஒற்றையடிப் பாதை உள்ளே போனது. வீரையும் முதிரையும் அடர்ந்து வெயிலை மறைத்தன. குளத்தங்கரையில் இருந்த கொக்குகளின் இரைச்சலும் மயில்களின் அகவலும் கொஞ்சத் தூரம் கூட வந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் அவர்களுடைய செருப்புகள் சருகில் பதிகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு அந்த வாசம் வந்தது. பச்சைப் பாலை. கொட்டிலில் நின்ற அதே வாசம்.

ஸ்ரனிஸ்லஸ் நின்றான். "எனக்கு ஏலாது," என்றான்.

"நட."

"கலிஸ்ரா..."

"நட."

இன்னும் நூறு மீற்றர். பற்றைகள் விலகின. ஒரு சின்ன வெளி. நடுவில் விழுந்து கிடந்தது மரம்.

மூன்று வருடம் கிடந்த மரம் வெளிறிக் காய்ந்திருக்க வேண்டும். இது காயவில்லை. படுத்தபடியே தளிர்த்திருந்தது. அடிமரத்திலிருந்து புதுக்கிளைகள் நேராக மேலெழுந்து நின்றன. இலை அசையவில்லை. காற்று இல்லை. மரத்தின் நடுப்பகுதியில் வெட்டுகள். பத்து, நூறு, எண்ண முடியாத வெட்டுகள். ஒன்றின் மேல் ஒன்றாக. எல்லாம் செயின் பட்ட வெட்டு. எல்லாவற்றிலும் பால் வழிந்தது. ஒன்றும் மறுபக்கம் போய்ச் சேரவில்லை. கீழே சருகுக்கு மேல் ஒரு துளி தூளும் கிடக்கவில்லை.

அதற்கு அந்தப் பக்கம் நீலமாக ஏதோ தெரிந்தது.

சேட்.

கலிஸ்ரா மரத்தைச் சுற்றிப் போனாள். காலை எடுத்து வைத்தாள். மறு காலை எடுத்து வைத்தாள்.

எலும்பு இல்லை.

முகம். டினோஜனின் முகம். இருபத்தாறு வயது. தாடிகூட வளரவில்லை. கன்னத்தில் பாசி. தலைமயிருக்குள் சருகு. கண் மூடியிருந்தது.

கண் திறந்தது.

"அக்கா," என்றான். "நீங்களும் வந்திட்டியளோ?"

உரப்பை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

டினோஜன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அத்தான்! மெசின் சரிவந்திட்டுதோ? பொயின்ற் தானே?"

பின்னால் கிளைகள் முறிந்தன. ஓடுகிற சத்தம். விழுந்து எழும்பி ஓடுகிற சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தம்பி இல்லாமல் போய்விடுவான் போலிருந்தது. இருந்துவிடுவான் போலவும் இருந்தது.

"வெட்டுங்கோ அக்கா. நோகாது. நானும் ஒவ்வொரு நாளும் வெட்டிப் பாக்கிறன். கிட்ட வருது. பேந்து மூடுப்படுது."

முழந்தாளிட்டாள். மரம் அவன்மேல் எங்கே தொடங்குகிறது என்று கையால் தடவினாள். சேட்டின் கடைசிப் பொத்தான். அதற்குக் கீழே வயிறு. சில்லென்ற வயிறு. இன்னும் கீழே. தோல் சொரசொரத்தது. வெடித்திருந்தது. பட்டை. பட்டைக்குக் கீழே ஏதோ மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு. கையை இன்னும் தள்ளி வைத்தாள். மரத்தின் நடுவில். வெட்டுகளுக்கு மேலே. அங்கேயும் ஏறி இறங்கியது. இன்னும் தள்ளி. நுனிக்கிளையில். அங்கேயும்.

முடிகிற இடம் இல்லை. தொடங்குகிற இடமும் இல்லை.

"எதிலை வெட்ட, ராசா?" என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

அவன் தலையைத் திருப்பினான். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தூரத்தில், குளக்கட்டுப் பக்கம், மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம். ஒருமுறை. இரண்டாவது முறை பற்றிக்கொண்டது. சத்தம் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. இல்லை.

"அத்தான் எங்கை?"

"போயிட்டான்."

டினோஜன் சிரித்தான். பல்லெல்லாம் சிவந்திருந்தது.

"வருவார் அக்கா," என்றான். "என்னட்டையும் வாறன் எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவர்."

அவன் கை நீண்டு வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. குளிர்ந்த கை. சின்ன வயதில் கடற்கரையில் அலைக்குப் பயந்து பிடித்தது போலத்தான் பிடித்தான். கையை இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அவர் வாறவரைக்கும் என்னோட இருங்கோ."

அவனுடைய நகக்கண்களிலிருந்து, மயிரைவிட மெல்லிய வெள்ளை வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவள் தோலில் பட்டு நெளிந்தன. மேலே தடவின. கீழே தடவின. நாடி துடிக்கிற இடத்தில் வந்து, நின்றன.